தடித்த கால்

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது அங்கே ஒரு பெரிய கங்காணி இருந்தார். முறுக்கிய மீசை, வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் எப்போதும் குடை. காலையில் ஆளெடுக்கும் பெரட்டில், வேலைக்கு நிற்கும் பையன்களின் கெண்டைக்காலை மாடு வாங்குகிறவர் போல அமுக்கிப் பார்ப்பார். தடித்த கால் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்.

அப்படி அவர் மெச்சி எடுத்தவன் அவருடைய கொழுந்தியாள் மகன், பத்து வயதிருக்கும். கால் உரல் மாதிரி இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் தொடையில் கையூன்றித்தான் எழுவான். ஒருநாள் பால் வாளியோடு விழுந்துவிட்டான்.

"எழுந்திருடா, சோம்பேறி!" என்று கங்காணி குடையால் விளாசினார்.

தாய் ஓடிவந்தாள். "அடிக்காதீங்க மாமா, அவனால முடியல. சின்னவனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு."

"எந்த வீட்டுலயும் இல்லாத சீக்கு உன் வீட்டுல மட்டும் எப்படிடி வரும்?"

"எங்க அண்ணனுக்கும் இதே தடிச்ச காலுதான். நடக்க முடியாமக் கெடந்துதான் செத்தான். தெரிஞ்சா அக்காவை நீங்க கட்டிக்க மாட்டீங்கன்னு உங்ககிட்ட மறைச்சுட்டாங்க."

அதன்பின் பெரட்டில் அவர் யார் காலையும் தொடவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம், நடை பழகும் தன் மகனை வாசலில் நிறுத்தி, அவன் கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை கூச்சத்தில் சிரித்தது. கால் கொழுகொழுவென்றுதான் இருந்தது.