மைக்கை மீட்ட காற்புள்ளி

ஐந்தாம் வகுப்புக்குக் காற்புள்ளி நடத்துகிறவர்களைக் கண்டாலே எனக்குத் தனிப் பாசம் வந்துவிடும். பிள்ளைகள் போட வேண்டிய இடத்தில் போட மாட்டார்கள், வேண்டாத இடத்தில் கடுகு மாதிரி தெளித்து வைப்பார்கள். நோட்டுக் கட்டோடு பஸ் ஏறும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது.

ஒரே மூச்சு

எங்கள் பள்ளி கள்ளிக்குப்பத்தில். காலைக் கூட்டத்தில் மைக்கில் செய்தி வாசிப்பது ஐந்தாம் வகுப்பின் உரிமை. என் 'பி' பிரிவின் முறை வந்தபோது முத்துவை அனுப்பினேன். அவன் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பையனுக்குத்தான் பிரேக் கிடையாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் ஒரே ஊராக்கி, மழைச் செய்தியை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு மூச்சிரைக்க நின்றான்.

பள்ளியே சிரித்தது. குனிந்த தலையோடு அவன் வரிசைக்குத் திரும்பியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு, அதிலும் சொதப்பினால் வருஷம் முழுக்க மைக் 'ஏ' பிரிவுக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கூடவே ஒரு கேள்வி: "அவன் செய்தி படிச்சானா, இல்ல கிளம்புற பஸ்ஸப் புடிக்க ஓடினானா டீச்சர்?"

வரிக்கு ஒன்று

அன்றே காற்புள்ளிப் பாடத்தை எடுத்தேன். ஒரு பத்தியை நிறுத்தற்குறி இல்லாமல் கரும்பலகையில் எழுதி, குறி போட்டு எழுதிவரச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் எல்லா நோட்டிலும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கமா! வாக்கியம் பாதியில் நின்றாலும் கவலையில்லை, ஓரத்தில் கமா உண்டு.

"யார் சொல்லிக் கொடுத்தது இதை?" என்று கத்தினேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் ஜனனி பயமே இல்லாமல் எழுந்தாள். முந்தின வாரம் நான் கடிதம் எழுதுதல் நடத்தியிருந்தேன்.

"நீங்கதான் மிஸ். அட்ரஸ்ல வரிக்கு வரி கமா போடச் சொன்னீங்க. எங்க குவார்ட்டர்ஸ் அட்ரஸ் ஆறு வரி, ஒண்ணுகூட நான் விடல!"

காலால் ஒரு தட்டு

நோட்டை மூடச் சொன்னேன். இனிமேல் வாய்விட்டுத்தான் வாசிப்பு. காற்புள்ளி வரும் இடத்தில் எல்லோரும் காலால் தரையில் ஒரு தட்டு, அதற்குள் ஒரு மூச்சு. முதல் இரண்டு நாள் மாட்டுச்சந்தை போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் முப்பது கால்களும் ஒன்றாக விழுந்தன. முத்துவின் கால் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே விழும்.

அடுத்த வாரம் அவன் அப்பா ஆட்டோவோடு பள்ளி வாசலில் நின்றார். முகத்தில் தூக்கக் கலக்கம்.

"இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்துகினு கீறீங்க? ஊட்ல இட்லி, வடை, சட்னின்னு சொல்றதுக்குக்கூட தொம்மு தொம்முன்னு மெதிக்கிறான். கீழ் ஊட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க!"

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளியும் வந்தது. "வேற யாரையாவது அனுப்புங்க மிஸ்," என்றான் முத்து. "நீதான் போற," என்று தள்ளிவிட்டேன்.

மைக்கைப் பிடித்தான். "அம்பத்தூர்," என்று நிறுத்தினான். சொல்லி வைக்காமலே 'பி' பிரிவு வரிசையிலிருந்து இருபத்தொன்பது ஷூக்கள், தொம்! "ஆவடி," தொம்! "பூந்தமல்லி ஆகிய பகுதிகளில்..." அவன் குரல் நிமிர்ந்தது. ஒரு சொல் பிசகவில்லை. கடைசிச் செய்திக்குள் இரண்டாம் வகுப்பு வாண்டுகளும் சேர்ந்து தட்டின. கொடிக்கம்பத்தடியில் புழுதி கிளம்பியது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஜனனி என் புடவையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், நானும் கொஞ்சம் குதித்தேன்.

தலைமையாசிரியை மூக்கைப் பொத்தியபடி என்னிடம் வந்தார். "திங்கட்கிழமையும் உங்க பிள்ளைங்களே படிக்கட்டும் டீச்சர். ஆனா ஷூவைக் கழட்டிட்டு நிக்கச் சொல்லுங்க!"

மைக் இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறது, நோட்டுகளில் மட்டும் வரிக் கடைசியில் கமா இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.