ஆரத்தித் தட்டில் அரை எலுமிச்சை

தொண்ணூறுகளின் நடுவில், காரமடையில் நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஓர் அறிவியல் டீச்சர் வந்தார். அதுவரை அறிவியல் என்பது கேள்வி பதிலை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் பாடம். இவரோ முதல் நாளே வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைக்கச் சொன்னார். காய்ந்த தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளானது. சோப்பு காரம், எலுமிச்சை அமிலம், அவ்வளவுதான் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து மோர், புளித்தண்ணீர், அப்பாவின் ஷேவிங் கிரீம் என்று வீட்டில் ஒன்றும் என்னிடம் தப்பவில்லை. அம்மாவுக்கு எரிச்சல். அப்பாவின் தங்கையான அத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அத்தை தினமும் பஸ் ஏறிப் போய்க் கோயமுத்தூரில் இரண்டாம் வருடம் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. படிச்ச வரைக்கும் போதுமுங்க என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, அப்பாவும் தலையாட்டிவிட்டார். படிப்பை முடித்துவிடுகிறேன் என்று அத்தை சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தாள். பலிக்கவில்லை.

"ஆரத்தித் தண்ணியில இருக்கறது மஞ்சளும் சுண்ணாம்புந்தானே கண்ணு? அதுல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா என்னாகும்?" என்று ஒருநாள் கேட்டாள். டம்ளரில் கலந்து பிழிந்து பார்த்தோம். அத்தனை சிவப்பும் போய் மஞ்சள் வந்துவிட்டது. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். எங்கள் வகுப்பில் யாருக்குமே தோன்றாத கேள்வி அது. அத்தையை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ள மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, பட்டுச்சேலை கட்டியிருந்த அத்தை என் கையில் அரை எலுமிச்சையை வைத்தாள்.

"ஆரத்தி எடுக்கறப்ப வந்தவங்களுக்கும் காட்டிப்போடு கண்ணு."

வாசலில் அம்மா மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றும்போது நான் முண்டியடித்துப் போய்த் தட்டில் பிழிந்தேன். மஞ்சளாயிற்று. கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்தால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஏனுங்க, ஆரத்தியே வெளுத்துப்போச்சுங்களே! இனி எங்களுக்கு மனசு ஒப்பலீங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பயப்படாதீங்க, அது அமிலமுங்க" என்று விளக்கினேன். யாரும் காதில் வாங்கவில்லை. உப்பும் சர்க்கரையும் மாறாமலே, வந்த வேனில் திரும்பிப் போய்விட்டார்கள்.

அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அப்பா என்னை விட்டுவிட்டு டீச்சரைத் திட்டித் தீர்த்தார். எலுமிச்சை ஏது என்று யாரும் கேட்கவில்லை. சமையலறையில் கூடை நிறையக் கிடந்தது. அடிகூடப் பெரிதாக வலிக்கவில்லை. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் தாங்கவில்லை. அவள் மடியில் விழுந்து அழுதேன்.

"அழுவாத கண்ணு. நீ ஒண்ணும் பண்ணல. எல்லாம் அந்த எலுமிச்சம்பழம் பண்ணுனது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், என்னைத் தேற்றிவிட்டுத் தானே அழுகிறாளே என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்து, பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இத்தனை துக்கத்திலும் காலேஜை விடாமல் போகிறாளே என்று அவளை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.