கோயில் தரைக்குள் இருந்த சுவர்

இப்போது குடியிருக்கும் விளாங்குடியிலிருந்து சொந்த ஊருக்குப் போயிருந்தேன். டைல்ஸ் போட மாதா கோயிலின் தரையைப் பெயர்த்ததும் சுண்ணாம்பு வாசனை குப்பென்று எழுந்தது. நடுவே, வாசலிலிருந்து பீடம் வரை ஒரு கருங்கல் வரிசை தெரிந்தது.

"சுவரோட அஸ்திவாரம்ப்பா," என்றார் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். "நிலக்காரங்க வலப்பக்கம், நம்ம கூலிக்கார சனம் இடப்பக்கம். உங்கம்மா பொறக்கறதுக்கு முந்தியே இடிச்சுட்டாங்க."

அப்படியென்றால் அம்மா அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. சிறுவயதில் பூசை நேரத்தில், மின்விசிறி சுற்றும் வலப்பக்கம் ஓடுவேன். அம்மா, களையெடுத்துக் காய்த்துப்போன கையால் என் தொடையைக் கிள்ளி இழுப்பாள்.

"அங்கிட்டுப் போகாதடா. நமக்கு இங்கனதான்."

வெறும் தரைக்கு எதற்கு இவ்வளவு பயம் என்று அழுவேன்.

என் காலைப் பார்த்தேன். மொத்தக் கோயிலும் காலியாகக் கிடந்தது. நான் இடப்பக்கம்தான் நின்றிருந்தேன்.