ராணியின் அரை மணித்தியாலம்

ராணி காலமான செய்தி லண்டன் சட்டன் பகுதியிலுள்ள எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘காலமானார்’ என்பதைக் ‘காளமானார்’ என்று எழுதியிருந்தார்கள். பிழையைத் திருத்தி அனுப்பிய பிறகுதான் யாருடைய செய்தி என்பது எனக்கு உறைத்தது. அப்போதும் ராணி மீதுதான் கோபம் வந்தது. குளிர்காலத் தவணையின் நடுவில் போகிற ஆளா?

நான் அங்கே பெரிய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கிறேன். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் ராணி சின்னவர்களை அரை மணித்தியாலம் ஓட விடுவார். “மழையெண்டு வீட்டுக்கை, குளிரெண்டு காருக்கை. இதுகளுக்குக் கால் எதுக்கு?” என்பார். கதிரைகளைச் சுவரோரம் இழுத்துப் போடுவார், திரும்ப வைக்கமாட்டார். அந்தச் சத்தத்தில் என் சொல்வதெழுதல் ஒருநாளும் ஒழுங்காக நடந்ததில்லை.

ஒருமுறை முறையிடப் போனேன். தரையில் டேப் ஒட்டிக் கிளித்தட்டு விளையாட்டுக்குக் கோடு போட்டிருந்தார். “வாங்கோ டீச்சர், ஒரு ஆள் குறையுது” என்றார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் மண்டபத்தில் ஓடமாட்டாள் என்றேன். ஆனால் கோடுகள் கோணலாக இருந்தன. அவற்றை உரித்து, நேராக ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குத் திரும்பினேன்.

பெற்றோர் ராணியைவிட மோசம். மண்டபத்துக்குள்ளும் ஜாக்கெட்டைக் கழற்ற விடமாட்டார்கள். “வேர்த்தால் சளி பிடிக்கும், அன்ரி” என்று ஒரு தகப்பன் மகளின் ஸிப்பை மேலே இழுத்தார். ராணி அதைக் கீழே இழுத்தார்.

“தம்பி, பிள்ளை என்ன பால்சட்டியே, தளும்பாமல் வைச்சிருக்க?”

என் கணவர் இறந்த குளிர்காலத்தில் நான் பள்ளிக்குப் போகவில்லை. ராணி வீட்டுக்கே வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “எழும்புங்கோ. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுவருக்குத்தான் அலுக்கும்” என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுந்து சேலை மாற்றினேன்.

ராணியின் அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கையில் அதே தகப்பன் என்னிடம் வந்தார். “டீச்சர், ராணி அன்ரியும் இல்லை. அந்த அரை மணித்தியாலத்தைக் கணக்குக்குக் குடுப்பமே? கிராமர் ஸ்கூலுக்கு எடுபடுற சோதினை வருகுது.” பக்கத்தில் நின்ற பெற்றோரும் தலையாட்டினார்கள்.

“மண் இன்னும் காயேல்லை, தம்பி.”

“அதில்லை டீச்சர். இனி ஆர் ஓட வைக்கிறது? உங்களுக்கு முழங்கால் ஏலாதே.”

“வாய் ஏலும்.”

ராணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அரை மணித்தியாலத்தை. அது கணக்குக்குக் கிடையாது. என் சொல்வதெழுதலுக்கும் கிடையாது. அந்த நேரத்துச் சொல்வதெழுதலை நிறுத்திவிட்டு என் பெரிய பிள்ளைகளையும் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ராணியை அறிந்த பெற்றோரே, உங்களுக்குச் சொல்கிறேன்: வரும் சனிக்கிழமை பிள்ளைகள் ஓடுவார்கள். வேர்க்கும். துடைக்க ஆளுக்கொரு துவாய் கொடுத்தனுப்புங்கள்.