வரிசையில் காத்திருக்கும் டென்சில்

இடது கையில் சிங்கி இறால், வலது கையில் இடுக்கி, காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி. காலை ஒன்பது மணிக்கு வானொலி விவாதத்தில் பேச தொலைபேசி வரிசையில், தன் படகில் நின்றபடி காத்திருக்கிறார் மீனவர் டென்சில் பென்ரோஸ். இறாலின் கொடுக்கில் நீல ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். மாட்டாவிட்டால் பெட்டிக்குள் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். "மனுசனுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா தேவலை" என்பார். தன் வாய்க்கு மட்டும் வேண்டாமாம்.

கார்ன்வாலின் அந்தச் சின்னத் துறைமுகத்தில் அவரைவிட உரக்க வாதாடியவர் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு நாடு வெளியேற வேண்டும் என்று படகில் கொடி கட்டியவர். வணிகப் பேச்சுவார்த்தை பற்றி மதுக்கடையில் யார் வாயைத் திறந்தாலும் பாய்ந்துவிடுவார். "கொஞ்ச நாள் கஷ்டப்படுவோம், ராசா. கடல் நம்மது. அவனுங்களுக்கு மீன் வேணுமா வேணாமா? தன்னால எறங்கி வருவானுங்க."

இத்தனைக்கும் அவர் பிடிப்பதெல்லாம் உயிரோடு பிரான்சுக்குத்தான் போகும். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாங்குபவர் எர்வான். இவருக்கு அவர் மொழியில் பத்துச் சொல் தெரியும், அவருக்கு இவர் மொழியில் பத்துச் சொல். டென்சிலின் மகளுக்கு ஞானத்தந்தையும் எர்வான்தான். ஒவ்வொரு சரக்கிலும் ஆகப் பெரிய இறாலுக்குச் சிவப்பு வளையம் மாட்டுவார் டென்சில். அது எர்வான் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு.

நாடு வெளியேறியது, வணிக ஒப்பந்தம் வந்தது. கூடவே காகிதங்களும் வந்தன. ஜனவரியில் போன முதல் சரக்கு, சான்றிதழில் முத்திரையும் எழுத்தும் ஒரே நிற மையில் இருக்கின்றன என்று பிரெஞ்சுத் துறைமுகத்திலேயே ஒன்றரை நாள் நின்றது. அடுத்ததில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. இரண்டும் செத்துத்தான் போய்ச் சேர்ந்தன. பக்கத்துப் படகு கிட் சும்மா இருப்பாரா? "என்ன டென்சில், எறங்கி வந்துட்டானுங்களா?" என்று தினமும் கேட்டார். டென்சில் மூன்றாவது சரக்கை அனுப்பினார். அதுவாவது உயிரோடு போகவேண்டும் என்று அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

இன்று விடியும்போது எர்வான் அழைத்தார். "டென்சில். எறா செத்துப்போச்சு. இனிமே அயர்லாந்து. மன்னிச்சுக்கோ." இனி அயர்லாந்துக்காரர்களிடம்தான் வாங்குவார் என்பதைச் சொல்ல, அந்தப் பத்துச் சொல்லில் இவ்வளவுதான் தேறியது.

அப்படியும் பழக்கம் விடவில்லை, ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்கிறார். ஒப்பந்தத்தைத் திரும்பப் பேச வேண்டுமா என்பது இன்றைய விவாதம். வேறு ஊர்க்காரர் ஒருவர் முழங்குகிறார். "கொஞ்ச நாள் பொறுக்கணுங்க. அவங்க தன்னால எறங்கி வருவாங்க."

"கார்ன்வால்ல இருந்து டென்சில். அவர் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க?" என்கிறார் நிகழ்ச்சியை நடத்துபவர்.

"அது... நான் சொன்னதுதாங்க. அஞ்சு வருசமா நாந்தான் சொன்னேன்."

"அப்போ ஒத்துக்கறீங்களா?"

டென்சில் இணைப்பைத் துண்டிக்கிறார். இவ்வளவு இறாலை வாங்க முடியாதென்று உள்ளூர் வியாபாரி போன வாரமே கைவிரித்துவிட்டார். கத்தியை எடுத்து, சற்றுமுன் மாட்டிய நீல வளையங்களை ஒவ்வொன்றாக அறுத்து, இறால்களைக் கடலில் விடுகிறார். வாயில் கேலியோடு வந்த கிட் குனிந்து அடுத்த இறாலை எடுத்து நீட்டுகிறார்.

கடைசியில் சிவப்பு வளையம் போட்டது கைக்கு வருகிறது. கத்தி வளையத்தைத் தொட்டு நிற்கிறது. அதை மட்டும் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றைப் படகில் இறுகக் கட்டுகிறார்.