கன்னியம்மா வீட்டு மண்ணெண்ணெய்

காலையில் மருமகள் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இராயபுரம் நினைவுக்கு வந்துவிட்டது, கன்னியம்மாவும் வந்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கே ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. அவர் சம்பளத்தைக் காப்பிக்கொட்டை, கண்ணாடி வளையல், பயாஸ்கோப்பு என்று பாதி மாதத்திலேயே தீர்த்துவிடும் சாமர்த்தியம் எனக்கு இருந்தது. அடுத்த வீட்டுக் கன்னியம்மா வேறு மாதிரி. அவள் புருஷன் முனுசாமி கப்பலில் மூட்டை இறக்குகிறவர். ஒரே மகள் புஷ்பம், மிஷன் பள்ளியில் படித்தாள்; ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள்.

அப்போதுதான் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் தெருவில் வண்டி வைத்துத் தேநீரை இலவசமாக ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். நான் தினமும் போய் நிற்பேன். கன்னியம்மா ஒரு நாள் குடித்தாள், நன்றாயிருக்கிறது என்றாள், மறுபடி வரவில்லை.

"ஓசில ஊத்தறவன் நாளிக்கு சும்மா வுடுவானாம்மே? நாக்குக்குப் பழகிப்போச்சின்னா துட்டுக்கு எங்க போறது?"

அவள் சொன்னபடியே ஆயிற்று. எங்கள் வீட்டில் தேயிலைக்கென்று ஒரு செலவு புதிதாக முளைத்தது.

பிறகு கப்பல்கள் குறைந்தன. முனுசாமி பல நாள் வேலையில்லாமல் திரும்பி வந்தார். ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"பொட்டப் புள்ள படிச்சி இன்னா கிழிக்கப் போவுது? மண்ணெண்ணெய்ய நிறுத்து மொதல்ல."

"வவுத்துல கை வெய்யி, நான் இன்னான்னு கேக்க மாட்டேன். வெளக்குல மட்டும் வெக்காதய்யா."

அதன் பிறகு அந்த வீட்டில் தாளிக்கிற ஓசை நின்றது. மீன் வாங்குவது நின்றது. கன்னியம்மாவுக்கு உயிரான வெற்றிலையும் போயிற்று. வாய் நமநமக்கும்போது புளியங்கொட்டையை வறுத்து மென்றாள். விளக்கு மட்டும் எரிந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால், முனுசாமியே கிழிந்த வேட்டியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புஷ்பம் நர்ஸ் படிப்பை முடித்து முதல் சம்பளம் வாங்கினாள். "இன்னா வோணும் கேளும்மா" என்றாளாம்.

"ஒரு நாளு, ஒரே நாளு, ரோசன பண்ணாம வாங்கணும்டீ."

தாயும் மகளும் வண்ணாரப்பேட்டைக் கடைகளையெல்லாம் சுற்றிவிட்டு வந்தார்கள். கன்னியம்மா வாங்கியது ஒரே ஒரு வாசனை சோப்பு. அதையும் நூல் போட்டு அறுத்து, பாதியை என் கையில் வைத்தாள்.

"மொகத்துக்குப் போட்டுப் பாரும்மே, சோக்கா கீது."

பாசிப்பயற்று மாவை விட்டு எப்போதோ சாதா சோப்புக்கு மாறிவிட்ட நான்கூட, இப்படி வாசனை வீசும் சோப்பை அதுவரை தொட்டதில்லை.

முனுசாமியும் கன்னியம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புஷ்பம் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளோ, தெரியவில்லை. போன மாதம் இராயபுரம் பக்கம் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தேன். வரிசை வீடுகள் இருந்த இடத்தில் பெரிய கிடங்கு. இங்கேதான் நாங்கள் குடியிருந்தோம் என்று காவல்காரப் பையனிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இங்க வூடு இருந்திச்சா? இன்னா ஆயா சொல்ற?"