பழவேற்காட்டுக் கோயிலில் எங்கள் வீட்டு முறை

அம்மா போய் ஒரு வருடம். "என் வருசப் பூசைய எங்க ஊர்க் கோயில்லயே வெச்சிடு" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். அவள் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கத்தோலிக்க மீனவக் குப்பம். நான் அங்கே கடைசியாகப் போனது பத்து வயதில். போன மாதம் மூன்றாம் ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் 5.20 மின்சார ரயில், பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. (ஆண்கள் சில்லறையோடு ஏறுங்கள், கண்டக்டர் கோபக்காரர்.) பிறகு ஆட்டோ, நூறு ரூபாய்.

"இன்னிக்கி அங்க பூச கெடையாதே மேடம்" என்றார் ஓட்டுநர்.

"எனக்குத் தெரியும், நீங்க ஓட்டுங்க."

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரோ எப்போதோ வலைப்பதிவில் எழுதிய 'ஞாயிறு காலை 8' மட்டும்தான் தெரியும்.

7.40க்கு இறங்கினால் கோயில் பூட்டு. சுவரில் 'ஞாயிறு திருப்பலி 8.00', அதன் கீழே சாக்பீஸில் 'இரண்டாம் ஞாயிறு மட்டும்'. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சாவியோடு வந்த பெண்ணிடம், "சாமியையே பூட்டி வெச்சிட்டீங்களா?" என்று பாய்ந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் சகாயமேரி. கோபப்படவில்லை.

"ஃபாதருக்கு ஆறு கோயிலும்மா. ஒருத்தரே இன்னா பண்ணுவாரு? இங்க இருந்தவங்களும் மணலி, எண்ணூர்னு வேலைக்குப் பூட்டாங்க. மீதி ஞாயிறு நாங்களே ஜெபம் வெச்சிக்கிறோம், மொற போட்டு."

இந்த ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று முறை உண்டு. அதைப் 'பாடு' என்கிறார்கள். அதே மாதிரி ஞாயிறுதோறும் கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, பைபிள் வாசகம் வாசிப்பது எல்லாம் ஏழு வீட்டுக்கு முறை. பட்டியல் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. நான்காவது பெயர் சவரிமுத்து. என் தாத்தா!

"எங்க வீடே இங்க இல்லையே?" என்று அந்தப் பெயரைத் தொட்டுக் கேட்டேன்.

"நீ ரோசம்மா பொண்ணா!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மொத மொதல்ல மொற போடசொல்ல உங்கம்மா போன் பண்ணி, 'எங்க வூட்டுப் பேர வுட்றாதீங்க'ன்னாங்க. உங்க மொறைக்கு நான்தான் மணி அடிப்பேன். அடிக்கசொல்ல அவங்களுக்கு போன் போட்டுப் பக்கத்துல வெச்சிடுவேன், அந்தச் சத்தத்த கேப்பாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க. போன வருசம் சுவிட்ச் ஆஃப்னு வந்திச்சி. அடுத்த மொறையும் அப்டியே. புரிஞ்சிக்கினோம்."

சில ஞாயிறுகளில் அம்மா காதில் போனை வைத்தபடி பேசாமல் இருப்பாள். "யாரு, பேசவே மாட்டேங்கிற?" என்று கேட்டிருக்கிறேன். "சும்மா" என்பாள். நானும் விட்டுவிடுவேன்.

அன்றைய முறை சகாயமேரியுடையது. எனக்கு விட்டுக்கொடுத்தார். கயிறு கனம், முதல் இழுப்புக்கு மணி அசையவே இல்லை, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்னைத் தவிர ஒன்பது பேர். மன்றாட்டு ஜெபத்தில் அம்மா பெயரை நானே வாசித்தேன். பூசை அடுத்த இரண்டாம் ஞாயிறுக்குக் குறித்தாயிற்று. கிளம்பும் முன் எனக்கு நண்டுக் குழம்பும் சோறும் போட்டு அனுப்பினார்கள். அந்த ஒன்பது பேருக்கும் என்ன செய்து தீர்ப்பேன், தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: பூசைக்கு என்றால் இரண்டாம் ஞாயிறு, அதையும் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். தண்ணீர், தொப்பி அவசியம். ஆட்டோக்காரர் சொன்னால் காது கொடுங்கள்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு: ஏழு வாரத்துக்கு ஒரு ஞாயிறு எட்டு மணிக்கு நான் அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். போக முடியாத முறைக்கு, என் போன் பிஸியாகத்தான் இருக்கும். யாரிடம் பேசினாய் என்று கேட்காதீர்கள். சும்மா.